கோட்டில் உட்காரவைத்த உறுமி

1. பத்தொன்பது வயதில் மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஒரு தமிழ் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினேன்.
2. இருபத்திரண்டு வயதில் எங்கள் குழுவின் ஒரே ஆல்பம் வெளிவந்தது. உறையில் என் பெயர் இருந்தது. உள்ளே என் அடி ஒன்றுகூட இல்லை.
3. குழு கலைந்தது.
4. என் அடிகளை எடுத்துவிட்ட அதே தயாரிப்பாளரிடம் ஒலிப்பதிவு வேலைக்குச் சேர்ந்தேன்.
5. நான்கு ஆண்டுகளில் அவர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். ஸ்டூடியோ என் கைக்கு வந்தது. நான் தயாரிப்பாளர் ஆனேன்.
6. தயாரிப்பாளராக நான் செய்த முதல் ஆல்பம் என் அண்ணனின் உறுமி மேளக் குழுவுடையது.
7. அண்ணன் இப்போது உறுமி வாசிப்பதில்லை.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் இருப்பது என் வேலை. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு முதலில் குச்சி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் அண்ணன். மாசாயில் எங்கள் வீட்டு வாசலில், காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டுவோம். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பள்ளி முடித்ததும் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அதே ஆண்டு உறுமி மேளத்திலும் சேர்ந்தான். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா படிக்கும்போது ராக் குழுவில் சேர்ந்ததைக் கேட்டு அம்மா அழுதார். அண்ணன் மட்டும் குறைந்த விலைக்கு நான் வாங்கிய பழைய டிரம்ஸைத் தன் நண்பனின் வேனில் ஏற்றி, எங்கள் குழு பயிற்சி செய்த மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இத்தனை மேளத்தையும் நீ ஒருத்தியே அடிப்பியா? நாங்க அதுக்கு ஒம்போது பேரு வெச்சிருக்கோம்."

"அதனாலதான் உங்களுக்குள்ள எப்பப் பாத்தாலும் சண்டை."

"சண்டை இல்லாம மேளமா?"

எங்கள் ராக் குழுவில் மூன்று பேர். பாடியவன் சாஆ என்ற சிற்றூரிலிருந்து வந்தவன். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, அவனுக்கு ஒலிபெருக்கியே தேவைப்படாது. ஆல்பம் செய்யலாம் என்று அவன்தான் தம்போய் வட்டாரத்தில் அந்தத் தயாரிப்பாளரைக் கண்டுபிடித்தான்.

தயாரிப்பாளர் ஒரு காலத்தில் கிட்டார் கலைஞர். ஜோகூரில் தமிழில் ராக் வாசித்த முதல் சில ஆட்களில் ஒருவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் பார்த்தபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கிட்டார் ஸ்டூடியோ சுவரில் தொங்கியது, கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டூடியோவுக்குக் கீழே டயர் கடை. நட்டுக் கழற்றும் இயந்திரத்தின் சத்தம் தரை வழியாக ஏறி வரும் என்பதால், கடை மூடியிருக்கும் ஞாயிறுகளில்தான் ஒலிப்பதிவு நடக்கும்.

மூன்று ஞாயிறுகளில் எட்டுப் பாடல்களை வாசித்து முடித்தேன். இரண்டாவது ஞாயிறு என் டிரம்ஸின் இடது பக்கப் பித்தளைத் தாளத்தட்டு விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அது இல்லாமலே வாசித்தேன். இதைக் குறித்து வைத்திருந்தேன். அப்போதே எல்லாவற்றையும் குறித்து வைப்பேன்.

வெளியீட்டு விழாவில் ஆல்பத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். இரண்டாவது பாட்டில், பல்லவி தொடங்கும் இடத்தில், இடது பக்கம் ஒரு தாளத்தட்டு பளீரென்று விழுந்தது. அந்த இரண்டாவது ஞாயிறு வாசித்த பாட்டு அது, நான் கழற்றி வைத்திருந்த தட்டு. அதற்குப் பிறகு கவனித்துக் கேட்டேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சத்தத்தில் வித்தியாசமே இல்லை. எல்லாம் கணினியில் சேமித்து வைத்த வேறு யாருடைய அடியோ.

மேடைக்குப் பின்னால் தயாரிப்பாளரிடம் கேட்டேன். அவர் சங்கடப்படவில்லை.

"மிக்ஸிங்ல கொஞ்சம் சுத்தம் பண்ணோம்மா, அவ்வளவுதான். யாருக்குத் தெரியப் போவுது?"

ஒருவருக்குத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் காரை ஓட்டினான். சிவப்பு சிக்னலில் நிறுத்திவிட்டு, "அந்த ரெண்டாவது பாட்டு நீ அடிச்சது இல்லதானே?" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நீ பல்லவிக்கு முன்னால ஒரு மூச்சு விடுவ. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். அந்த மூச்சு அதுல இல்ல." சிக்னல் பச்சையானது. "போய்ப் பேசவா அந்த ஆளுகிட்ட?"

"வேணாண்ணே."

"கையைக் கிய்ய வைக்க மாட்டேன் லா. பேசத்தான்."

வேண்டாம் என்றேன். பாடகன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனான். குழு அப்படியே நின்றுபோனது. ஆறு மாதம் கழித்து, எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று தயாரிப்பாளர் அழைத்தார். போனேன். அவர் அதை எப்படிச் செய்தார் என்று தெரிந்துகொள்ளப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துகொண்டேன்.

வேலை எளிமையானது. வாசித்த ஒலி கணினித் திரையில் சிறு சிறு மேடுகளாகத் தெரியும். திரையில் மேலிருந்து கீழே சம தூரத்தில் கோடுகள் ஓடும். தாளம் துல்லியமாக விழ வேண்டிய இடம் கோடு. மனிதன் அடித்தது கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இருக்கும். அதைப் பிடித்து இழுத்துக் கோட்டில் வைக்க வேண்டும். ஸ்டூடியோவில் அதைக் 'கோட்டில் உட்காரவைப்பது' என்போம். அப்படியும் திருப்தி இல்லையென்றால் அடியையே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம். என்னுடையதை அவர் தூக்கிவிட்டிருந்தார்.

அவரை நல்ல ஆசிரியர் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஒருமுறை அவருடைய பழைய குழுவின் கேசட்டைப் போட்டார். எப்படி வாசிக்கக் கூடாது என்று காட்டுவதற்கு. பாட்டு போகப்போக வேகம் ஏறியது. கிட்டார் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடியது. "பாத்தியா, தள்ளாடுது" என்றார். "மேடையில வாசிச்சா ஆளுங்க கத்துவாங்க, தப்பு கேக்காது. ரெக்கார்டுல கத்த ஆள் இல்ல. தப்பு மட்டும்தான் கேக்கும்."

அந்த அறையில் நான் கேட்டவற்றிலேயே உயிருள்ள ஒலி அந்தக் கேசட்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. இருந்தும் சொல்லவில்லை.

அவர் கோலாலம்பூருக்குப் போகும்போது சாவியோடு ஒரு தாளையும் விட்டுப் போனார். ஓர் ஆல்பத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்யும் முறை, பன்னிரண்டு வரிகள். நான் அதைத் தட்டச்சு செய்து கணினிக்கு மேலே ஒட்டினேன். கடைசி வரி: 'முடிந்ததும் பச்சையை அழி.' பச்சை என்றால் வாசித்தது வாசித்தபடி இருக்கும் மூல ஒலி. கணினியில் இடம் அடைக்கும் என்பது காரணம். அதைத் தவிர இன்னொரு காரணமும் அவருக்கு இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். மூல ஒலி இல்லையென்றால், வந்து கேட்கிறவருக்குக் காட்ட எதுவும் இல்லை.

தைப்பூசத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது அண்ணன் வந்தான். குழு அப்போது அவன் பொறுப்பில் இருந்தது. காவடிக்கு வாசிப்பதை ஆல்பமாகச் செய்ய வேண்டும் என்றான்.

"வேற ஸ்டூடியோவுக்கும் போலாம். ஆனா அங்கெல்லாம் ஆளைக் குறைச்சு, மெஷின்ல போட்டுடுவானுங்க. நீன்னா நாங்க அடிச்சது அப்படியே வரும்."

"வரும்ணே" என்றேன்.

டயர் கடை மூடியிருந்த ஒரு ஞாயிறு பகல், ஒன்பது பேரும் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். உறுமியைத் துணிப்பையில் கட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தான் அண்ணன். உள்ளே வந்ததும் முதலில் குளிரூட்டியைப் பார்த்தான்.

"இத அடைக்க முடியுமா? தோல் இறுகிப் போவுது. உறுமல் வராது."

"மெஷின் சூடாயிடும்ணே."

"மெஷினுக்குச் சூடு ஆகாது. தோலுக்குக் குளிர் ஆகாது. யாரு பெரியவங்க இங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். குளிரூட்டியை நான் அணைக்கவில்லை. அவன் காதில் ஹெட்போனைப் பொருத்தி, தாளம் தப்பாமலிருக்கக் கணினி எழுப்பும் 'டிக் டிக்' ஓசையை, நாங்கள் கிளிக் என்பதை, போட்டேன். அரை நிமிடத்தில் கழற்றிவிட்டான்.

"இந்தப் பல்லி யாருக்குக் கத்துது?"

"உனக்குத்தான். அதக் கேட்டு வாசிக்கணும்."

"எனக்கு இது வேணாம். முன்னால யாராவது ஆடினாப் போதும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உறுமிக்காரன் காவடி எடுப்பவரின் காலைப் பார்த்துத்தான் வாசிப்பான். பாரத்தில் கால் தளர்ந்தால் மேளமும் தளரும். அருள் வந்து கால் வேகமெடுத்தால் மேளமும் ஏறும். வேகத்தைத் தீர்மானிப்பது அந்தக் கால்கள். அவன் குழுவில் புதிதாகச் சேர்கிற எவருக்கும் முதல் மாதம் குச்சியே கொடுக்க மாட்டான். ஊர்வலத்தில் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஸ்டூடியோவில் பார்க்கக் கால் இல்லை.

ஆகவே குழுவில் தவில் அடிப்பவர், எல்லோரையும் கேலி செய்கிறவர், காலுறையோடு நடுவில் வந்து நின்றார். என் மேசைக்குக் கீழே இருந்த தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் காவடி. சாமி வந்தா யாராவது பிடிங்க, தண்ணி ஊத்திக்கும்."

அவர் ஆடத் தொடங்கினார். அண்ணன் அவர் காலைப் பார்த்தான். உறுமி ஒருமுறை முனகி, பிறகு எழுந்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் ஒலியளவைச் சரிபார்ப்பதற்காகப் பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தேன். ஆறு நிமிடம். கடைசி ஒரு நிமிடம் மேளம் எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. என் கை முடி சிலிர்த்து நின்றது. பிறகு ஒலிவாங்கிக் கம்பம் ஆடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னேன்.

"அலமாக், இப்பத்தான் சாமி பஸ் ஏறிச்சு" என்று அலுத்துக்கொண்டார் பெட்டிக்காரர்.

"கால் சத்தம் பதிவாகுது. ஆட வேணாம். எல்லாரும் கிளிக்கைக் கேட்டு வாசிங்க."

வாசித்தார்கள். என் இடம், என் வேலை என்று அண்ணன் விட்டுவிட்டான். கிளிக்கைக் கேட்டு வாசித்தும் அவன் அடிகள் கோட்டில் விழவில்லை. கொஞ்சம் பின்னால், கொஞ்சம் பின்னால், திடீரென்று முன்னால். அவன் மனதுக்குள் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு மேட்டையும் இழுத்துக் கோட்டில் வைத்தேன். உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் கோட்டில் உட்காராது. அது எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. அதை வெட்டி, சம அளவில் ஒட்டினேன்.

எனக்கு நடந்ததை மறந்துவிட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். நன்றாக நினைவிருந்தது. எனக்குச் செய்தது இதைவிட மோசம் என்று கணக்குப் போட்டேன். என் அடிகளை எடுத்துவிட்டார்கள், நான் அண்ணனின் அடிகளை நகர்த்தத்தான் செய்கிறேன், அவை அவனுடையவைதான். இதுதான் என் வாதம். எதிரே வாதாட யாரும் இல்லை. தயாரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் வரப்போகும் முதல் ஆல்பம். தங்கச்சி என்பதால் ஏனோதானோவென்று செய்துவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முடிந்ததும் பன்னிரண்டாவது வரிக்கு வந்தேன். அழித்தேன்.

ஆல்பத்தை மாசாய்க்கு எடுத்துப் போனேன். அண்ணன் காரில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இரண்டு பாடல்கள் கேட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நல்லா இருக்கு" என்றான். "யாரு வாசிச்சது?"

"நீதான்."

"நான் இவ்வளவு நல்லா வாசிக்க மாட்டேனே."

அப்போது நான் சொன்ன பதில் இது: "மிக்ஸிங்ல கொஞ்சம் சுத்தம் பண்ணோம்ணே, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் யாருடைய வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் நினைவிருந்திருக்கும். அன்று விழா முடிந்து காரில் நான்தான் அதை அவனிடம் சொல்லிக் காட்டியிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, "அம்மா கூப்பிடுறாங்க, வா" என்றான். அம்மா கூப்பிடவில்லை.

ஆல்பம் தோற்றிருந்தால் இதோடு முடிந்திருக்கும். அது நன்றாகப் போனது. கல்யாண வேன்களில், சாலையோரக் கூடாரங்களில், கைப்பேசிகளில், எங்கும் அதுதான். பெரிய சுத்தம், பெரிய சத்தம் என்றார்கள். வேறு மூன்று குழுக்கள் என்னைத் தேடி வந்தன. அண்ணனின் குழுவில் சேரவும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள். யாருடைய காலையும் பார்த்ததில்லை.

மாசாயில் ஓர் அடுக்குமாடிக்குப் பின்னாலிருக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு மாலைகளில், ஒருவர் முன்னால் ஆட, பயிற்சி நடக்கும். ஒருநாள் அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன். பாட்டின் நடுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கையைத் தூக்கி நிறுத்தினார். தொழிற்சாலையில் அண்ணனோடு வேலை செய்கிறவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணே, ரெக்கார்டுல இந்த இடத்துல வேகம் ஏறாதே. நீங்க ஓடுறீங்க."

"ஓடுறது நான் இல்ல லா. முன்னால ஆடுறவன்."

"ஆனா ரெக்கார்டுல நீங்கதானே வாசிச்சிருக்கீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சாப்பாட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெக்கார்ட ஒருதடவ கேளுங்கண்ணே" என்றார் இன்னொருவர். பழைய ஆள். அவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அறையில் ஆல்பத்தைப் போட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தான் என்று அம்மா சொன்னார். "ஒத்து வரமாட்டேங்குதாம். திரும்பத் திரும்பப் போடுறான். அவனே வாசிச்சதுதானே?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். வேலை நாள், கீழே டயர் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கும்போதே கேட்டான்.

"நான் வாசிச்சத அப்படியே குடு. நீ சுத்தம் பண்றதுக்கு முன்னால உள்ளது. அவங்களுக்குப் போட்டுக் காட்டணும். நான் மாறல, அதுதான் மாறிடுச்சுன்னு காட்டணும்."

"இல்லண்ணே."

"எங்க போச்சு?"

"அழிச்சிட்டேன். முடிஞ்சதும் அழிக்கிறது வழக்கம்."

கணினிக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். பன்னிரண்டு வரிகளையும் மெதுவாகப் படித்தான்.

"அந்தத் தண்ணிப் பெட்டி ஆட்டம்? அதுகூடவா?"

"அத அன்னைக்கே அழிச்சிட்டேன். அது வெறும் சோதனைதானே."

அவன் திரும்பினான். சுவரில் தொங்கிய துருப்பிடித்த கிட்டாரைப் பார்த்தான். "இது இன்னும் இங்கதான் இருக்கா" என்றான். இறங்கிப் போய்விட்டான்.

அந்தத் தைப்பூசத்தன்று அண்ணன் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். குழு அவன் இல்லாமல் வாசித்தது. நான் கூட்டத்தில் நின்றேன். ஆல்பத்தில் உள்ளபடியே, ஒரு பிசகில்லாமல், நான் இழுத்து வைத்த ஒவ்வொரு கோட்டிலும் அடி விழுந்தது. காவடி எடுத்தவர் ஓர் இடத்தில் பாரம் தாங்காமல் கால் தளர்ந்தார். மேளம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் இரண்டு அடி வைத்து நின்று, தாளத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆடினார். சாலையைக் கடக்க இடைவெளி பார்த்து நிற்பவரைப் போல இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

இப்போதைய நிலவரம். ஸ்டூடியோ நடக்கிறது. ஆல்பம் இன்னும் கேட்கப்படுகிறது. பன்னிரண்டாவது வரியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது எதையும் அழிப்பதில்லை. குழுவை வேறொருவர் நடத்துகிறார். உறுமி மாசாய் வீட்டில் அலமாரிக்கு மேலே துணிப்பையில் இருக்கிறது. அண்ணன் என்னோடு வேலையைப் பற்றி, அம்மாவின் மருந்தைப் பற்றி, என் காரின் டயரைப் பற்றிப் பேசுகிறான். குளிரூட்டியை அடைத்து வைக்கிறேன், ஆடுவதற்கும் ஆளைக் கூட்டி வா, மறுபடி வாசி என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "பாக்கலாம்" என்றான். இன்னும் வரவில்லை.